படம் திறந்தால் போதாது

நுண்ணோக்கி மையத்தில் படக்கோப்புகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருப்பவரிடம் வருகிற புகார் இரண்டே வகை. படம் திறக்கவில்லை என்பது ஒன்று. திறந்தது, ஆனால் ஒரே கறுப்பாக இருக்கிறது என்பது இன்னொன்று. மூன்றாவது வகையும் உண்டு, ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. படம் திறக்கும், பளிச்சென்று தெரியும், அளவு மட்டும் தப்பாக இருக்கும். என் பிழைப்பில் பெரும்பகுதி அந்த மூன்றாவதைத் தேடிப் பிடிப்பதில்தான் போகிறது.

கறுப்புப் படத்துக்கு ஒரே நிமிடத்தில் வைத்தியம் பார்த்துவிடலாம். கேமரா 12 பிட், பிக்சலுக்கு 0 முதல் 4095 வரை எண் தரும். கோப்பில் அந்த எண் 16 பிட் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அங்கே உச்சம் 65535. சாதாரணமாகப் படம் பார்க்கும் மென்பொருள் 65535-தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. அதன் கணக்கில் நம் கேமராவின் அதிகபட்ச வெளிச்சமே பதினாறில் ஒரு பங்குதான். கறுப்பாகத் தெரியாமல் என்ன செய்யும்? இமேஜ் ஜே மென்பொருளில் திறந்து பிரைட்னஸைச் சரிசெய்தால் செல்கள் எழுந்து வந்துவிடும். மாணவர் சிரித்துக்கொண்டே போவார். (சிலர் அதற்குள் எல்லாவற்றையும் ஜேபெக் ஆக்கி, மூலக் கோப்பை அழித்துவிட்டு வருவார்கள். அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.)

திறக்காத கோப்புகள்தான் என்னை இந்தத் தொழிலுக்குள் இழுத்தவை. ஸைஸ் நுண்ணோக்கி சி.இசட்.ஐ. தரும், லைக்கா எல்.ஐ.எஃப். தரும், நிக்கான் என்.டி.2, ஒலிம்பஸ் ஓ.ஐ.பி., பிறகு ஓ.ஐ.ஆர். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் பக்கம் போனால் கேட்டன் கேமராக்களின் டி.எம்.3, டி.எம்.4. நிறுவனங்கள் வேண்டுமென்றே பூட்டி வைக்கின்றன என்று மாணவர்கள் கோபப்படுவார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அதுவே முழு உண்மை இல்லை. எல்லோருக்கும் பொதுவான டிஃப் வடிவத்தை 1986-இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது ஸ்கேனரில் எடுத்த படத்தை அச்சுப்பக்கத்துக்குள் கொண்டுபோவதற்காக. கன்ஃபோகல் நுண்ணோக்கியில் ஒரு மாதிரியைப் பதிவு செய்தால் நீளம், அகலம், ஆழம், நேரம், நிறச் சேனல் என்று ஐந்து பரிமாணம் வந்து நிற்கிறது. போதாததற்கு டிஃப் கோப்புக்குள் இருக்கும் முகவரிகள் 32 பிட், 4 ஜி.பி.க்கு மேல் அந்தக் கோப்பு வளர முடியாது. இரவு முழுக்க ஓடும் பதிவு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆகவே ஆளுக்கொரு வடிவம் செய்துகொண்டார்கள். செய்ததில் குற்றமில்லை. செய்ததை எழுதி வெளியிடாமல் விட்டதுதான் குற்றம்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மூன்றெழுத்தை நான் நம்புவதில்லை. ஹெக்ஸ் எடிட்டரில் போட்டு முதல் பதினாறு பைட்டைப் பார்ப்பேன். ரகசிய வடிவம் என்று சொல்லப்படுவதில் பல, தெரிந்த பெட்டிக்குள் வைத்த பொருள்தான். தொடக்கத்தில் 'ஐ ஐ' என்ற இரண்டு எழுத்தும் 42 என்ற எண்ணும் இருந்தால், பெயர் எதுவானாலும் அது டிஃப். ஸைஸின் பழைய எல்.எஸ்.எம்., மெட்டாமார்ஃப் மென்பொருளின் எஸ்.டி.கே. எல்லாம் அந்த வகை. எஸ்.டி.கே.யில் ஒரு குறும்பு உண்டு: நூறு படம் இருந்தாலும் ஒரு படத்துக்கு மட்டுமே முறையான குறிப்பு இருக்கும், மற்றவை அதன் பின்னால் வரிசையாகக் கிடக்கும். சாதாரண டிஃப் மென்பொருள் முதல் படத்தைக் காட்டிவிட்டு 'இவ்வளவுதான்' என்று சொல்லிவிடும். டி0 சிஎஃப் 11 இ0 என்று தொடங்கினால் மைக்ரோசாஃப்டின் பழைய வேர்ட் கோப்புகள் இருந்த அதே பெட்டி. கண்ணை இடுக்கிப் பார்த்தால் அந்த நான்கு பைட்டை 'டாக்ஃபைல்' என்று படிக்கலாம், யாரோ ஒரு நிரலரின் விளையாட்டு. ஸைஸின் இசட்.வி.ஐ.யும் ஒலிம்பஸின் ஓ.ஐ.பி.யும் அதற்குள்தான் இருக்கின்றன. நிக்கானின் என்.டி.2 என்ற ஒரே பெயரில் சம்பந்தமே இல்லாத இரண்டு வடிவங்கள் உண்டு. பழையது ஜேபெக் 2000 வழியில் வந்தது, புதியது முற்றிலும் வேறு.

அந்தப் புதிய என்.டி.2-ஐ நான் நன்றாகப் படித்தது ஒரு மின்வெட்டின் புண்ணியத்தில். செல் பிரிவதைப் பதிவு செய்ய ஓர் ஆய்வு மாணவி இரவெல்லாம் நுண்ணோக்கியை ஓடவிட்டிருந்தார். விடியும் முன் கரண்ட் போய், யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்துபோயிருக்கிறது. காலையில் பார்த்தால் கோப்பு இருக்கிறது, பல ஜி.பி. கனமும் இருக்கிறது, திறக்க மட்டும் மாட்டேன் என்கிறது.

"எல்லாம் போச்சா சார்?"

"பொறும்மா. உள்ளே என்ன இருக்குன்னு முதல்ல பார்ப்போம்."

புதிய என்.டி.2 துண்டு துண்டாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் டிஏ, சிஇ, பிஇ, 0ஏ என்ற நான்கு பைட் அடையாளம். அடுத்த நான்கு பைட்டில் துண்டின் பெயர் எவ்வளவு நீளம் என்ற எண், அதற்கடுத்த எட்டு பைட்டில் தரவு எவ்வளவு நீளம் என்ற எண். பிறகு பெயர், பிறகு தரவு. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கோப்பின் கடைசியில் வரும், பதிவு முறையாக முடிந்தால்தான் எழுதப்படும். எங்கள் கோப்பில் அட்டவணை இல்லை, துண்டுகள் அத்தனையும் இருந்தன. பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி, கோப்பை முதலிலிருந்து கடைசி வரை அந்த நான்கு பைட்டுக்காகத் துழாவினோம். அகப்பட்டதை எல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. படத்தின் பிக்சல்களுக்குள்ளேயே அதே நான்கு பைட் தற்செயலாக அமையலாம். தாறுமாறான தரவாக இருந்தால் சராசரியாக 4 ஜி.பி.க்கு ஒருமுறை அப்படி நடக்கும். ஆகவே அடையாளத்துக்குப் பின்னால் 'இமேஜ்டேட்டாசீக்' என்று தொடங்கி, வரிசை எண் வந்து, ஆச்சரியக்குறியில் முடியும் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்தோம். ஒவ்வொரு படத் துண்டிலும் தரவின் முதல் எட்டு பைட், அந்தப் படம் எடுத்த நேரம் மில்லிசெகண்டில். அதை விட்டுவிட்டால் மிச்சம் பிக்சல். நீள அகலம், சேனல் எண்ணிக்கை ஆகியவற்றை அதே அமைப்பில் முந்தைய நாள் எடுத்த முழுக் கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டோம். கடைசித் துண்டு பாதியில் அறுந்திருந்தது, தள்ளிவிட்டோம். மற்ற எல்லாப் படமும் நேரத்தோடு வந்துவிட்டன. நேரங்களைக் கழித்துப் பார்த்தபோது இடைவெளி சீராக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண்ணிடம் "எடுத்துக்கிட்டுப் போம்மா" என்று சொன்னேன்.

அடையாளம் ஏதும் இல்லாத கோப்பும் வரும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் அலமாரியிலிருந்து சி.டி.க்கள் வந்தன. படம் எடுத்த மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றில் மட்டும், யு.எஸ்.பி. டாங்கிள் செருகினால் மட்டும் ஓடக்கூடியது. அந்தக் கணினி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. கையில் இருந்தது கோப்பும் பேராசிரியரின் ஆய்வுக் குறிப்பேடும்தான். குறிப்பேட்டில் கேமராவின் பெயர் இருந்தது. அதற்குள் இருப்பது சோனியின் ஐசிஎக்ஸ்285 சென்ஸார், 1392-க்கு 1040 பிக்சல், ஒரு பிக்சலின் பக்கம் 6.45 மைக்ரான். அந்தக் காலத்து ஒளிர்வு நுண்ணோக்கிகளில் அடிக்கடி பார்த்த சென்ஸார் அது.

இனி வெறும் பள்ளிக்கூடக் கணக்கு. பிக்சலுக்கு இரண்டு பைட் என்றால் ஒரு படம் 28,95,360 பைட். கோப்பின் அளவு 2,89,55,648. வகுத்தால் பத்துப் படம், மீதி 2048. மீதி இப்படி இரண்டின் அடுக்குகளில் ஒன்றாக வந்தால் எனக்குப் பாதி நிம்மதி வந்துவிடும், அது தலைப்பகுதியாகத்தான் இருக்கும். அந்த 2048 பைட்டுக்குள் தேடினால் 70 05, அடுத்து 10 04. ஹெக்ஸில், சிறிய பைட் முன்னால் வரும் வரிசையில், அவை 1392-உம் 1040-உம்தான். இமேஜ் ஜேயின் 'ரா இம்போர்ட்'டில் இந்த எண்களைக் கொடுத்தால் படம் வந்துவிடும். அகலம் ஒரு பிக்சல் பிசகினாலும் படம் சாய்ந்து ஓடும், எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்துக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யலாம். பைட் வரிசை மாறிப்போனால் வழவழப்பான பின்னணி முழுவதும் மணலாகப் பொரிந்துவிடும். இந்தத் தப்புகளெல்லாம் கண்ணுக்குத் தெரியும், அதனால் ஆபத்தில்லை.

ஆபத்து அடுத்த எட்டு பைட்டில் இருந்தது. பிக்சல் அளவு என்று நான் ஊகித்த இடத்தில் 0.645 என்ற எண். 6.45-ஐப் பத்தால் வகுத்தால் 0.645, அதாவது 10 எக்ஸ் லென்ஸ். குறிப்பேடோ அந்தப் படங்களை 20 எக்ஸில் எடுத்ததாகச் சொல்கிறது. 20 எக்ஸ் என்றால் 0.3225 வர வேண்டும். யாரைக் கேட்பது? நல்லவேளையாக அதே சி.டி.யில் ஒரு ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் படமும் இருந்தது. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் கோடு கீறிய கண்ணாடித் தகடு அது, கோட்டுக்குக் கோடு 10 மைக்ரான். படத்தில் பத்து இடைவெளிக்கு 310 பிக்சல். நூறை 310-ஆல் வகுத்தால் 0.3226. குறிப்பேடு சொன்னதே சரி. நுண்ணோக்கியின் லென்ஸ் சுழற்றி கையால் திருப்புவது, லென்ஸை மாற்றியவர் மென்பொருளில் மாற்றவில்லை. கோப்பு தனக்குச் சொல்லப்பட்ட பொய்யை ஒரு பைட் பிசகாமல் காப்பாற்றி வைத்திருந்தது. வடிவத்தை எவ்வளவு சரியாகப் பிரித்தாலும் இந்தப் பிழை பிரிப்பவருக்குத் தெரியாது. இந்த எண்ணை நம்பி அளந்தால் ஒவ்வொரு செல்லும் இரண்டு மடங்கு நீளம், பரப்பளவில் நான்கு மடங்கு.

இயங்கும் கருவி கையில் இருந்தால் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரே காட்சியை எதையும் மாற்றாமல் இரண்டு முறை எடுக்க வேண்டும். இரண்டு கோப்பின் தலைப்பகுதிகளையும் ஒப்பிட்டால் தானாக மாறுகிற பைட்டுகள் தெரியும். நேரம், வரிசை எண் போன்றவை. அவற்றை ஒதுக்கிவிட்டு, எக்ஸ்போஷரை 100 மில்லிசெகண்டிலிருந்து 200-க்கு மாற்றி மூன்றாவது முறை எடுத்தால், புதிதாக மாறியிருக்கும் இடம்தான் எக்ஸ்போஷர். அலுப்பான வேலை, ஆனால் கைவிட்டதில்லை.

பிக்சல் அளவு விஷயத்தில் தேர்ந்தவர்களுக்கே குழப்பம் வந்த கதை ஒன்று உண்டு. லைக்காவின் எல்.ஐ.எஃப். கோப்புக்குள் இருப்பது ஒரு எக்ஸ்.எம்.எல். ஆவணம், எழுத்துக்கு இரண்டு பைட் வீதம். எல்லா எழுத்துக்கும் அடுத்து ஒரு பூஜ்யம் இருப்பதால் சாதாரணத் தேடலில் அகப்படாது. அதில் பிக்சலின் அளவு நேரடியாக இருக்காது. மொத்த நீளம் மீட்டரில் இருக்கும், புள்ளிகளின் எண்ணிக்கை இருக்கும், நாம் வகுத்துக்கொள்ள வேண்டும். 512 புள்ளி என்றால் 512-ஆல் வகுப்பதா, 511-ஆலா? அந்த நீளம் முதல் புள்ளியின் மையத்திலிருந்து கடைசிப் புள்ளியின் மையம் வரை. ஐந்து கம்பம் நட்டால் நடுவே நான்கு இடைவெளிதானே! ஆக 511. இந்த வடிவங்களையெல்லாம் படிக்கும் பயோ-ஃபார்மட்ஸ் நிரல்தொகுப்பே முதலில் ஒருவிதமாகவும் பிறகு வேறுவிதமாகவும் கணக்கிட்டது. பழைய ஆய்வுகளோடு ஒத்துப்போக வேண்டியவர்களுக்காகப் பழைய கணக்கை ஒரு விருப்பத்தேர்வாக இன்றும் வைத்திருக்கிறார்கள்.

"512-க்கும் 511-க்கும் என்ன சார் பெரிய வித்தியாசம்?" என்று ஒரு மாணவர் கேட்டார். படத்தின் அகலத்தில் ஆயிரத்துக்கு இரண்டு, யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆழத்தில் ஐந்தே அடுக்கு எடுத்திருந்தால்? ஐந்தால் வகுப்பதற்கும் நான்கால் வகுப்பதற்கும் கால் பங்கு வித்தியாசம். அந்த மாணவர் அளந்துகொண்டிருந்தது கருவின் கன அளவு. அதன் பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை, கணக்கைத் திருப்பிப் போடப் போய்விட்டார்.

நேரத்தின் கதையும் இதேதான். விண்டோஸ் கணக்கு 1601 ஜனவரி 1-இலிருந்து, நூறு நானோசெகண்டை ஓர் அலகாக வைத்து ஓடுகிறது. யூனிக்ஸுக்கு 1970 ஜனவரி 1. மைக்ரோசாஃப்டின் இன்னொரு முறை 1899 டிசம்பர் 30-இலிருந்து நாள்களை எண்ணுகிறது. எது எதுவென்று தெரியாமல் படித்தால் ஷாஜகான் காலத்தில் எடுத்த கன்ஃபோகல் படமும் கிடைக்கும். அது பரவாயில்லை, சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். ஐந்தரை மணி நேரம் தள்ளி வருவதுதான் மோசம். கிரீன்விச் நேரமா இந்திய நேரமா என்று தெரியாமல் போனால், மருந்து செலுத்துவதற்கு முன் எடுத்த படம் பின் எடுத்ததாகிவிடும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் டி.எம்.3-ஐயும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த வடிவம் அது. கிளைவிட்டுக் கிளைவிட்டுப் போகும் குறிச்சொல் மரம், ஒவ்வொரு குறிச்சொல்லின் தரவுக்கு முன்னும் நான்கு சதவீதக் குறிகள். குறிச்சொற்களின் நீள எண்கள் பெரிய பைட் முன்னால், தரவு பெரும்பாலும் சிறிய பைட் முன்னால். ஒரே கோப்புக்குள் இரண்டு வழக்கம். முதலில் அகப்படும் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினால் கிடைப்பது பெரும்பாலும் சிறு முன்னோட்டப் படம்தான், உண்மையான தரவு அடுத்ததில் இருக்கும். அளவு என்ற குறிச்சொல் பக்கத்தில் அலகு என்ற குறிச்சொல்லும் இருக்கும், அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். சாதாரணப் படத்துக்கு அது நானோமீட்டர். எலக்ட்ரான் விளிம்புவிளைவுப் படத்துக்கு 1/நானோமீட்டர்.

இவ்வளவையும் நான் தனியாகக் கண்டுபிடித்ததுபோல் எழுதியிருந்தால் மன்னிக்கவும். ஸ்காட்லாந்தின் டண்டீ, அமெரிக்காவின் விஸ்கான்ஸின்-மேடிசன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் முன்னின்று வளர்த்த ஓப்பன் மைக்ராஸ்கோப்பி என்விரான்மென்ட் (ஓ.எம்.ஈ.) கூட்டமைப்பின் பயோ-ஃபார்மட்ஸ் இன்று 150-க்கும் மேற்பட்ட வடிவங்களைப் படிக்கிறது. யாரும் விளக்கம் தராத கோப்புகளை உலகெங்கும் ஆய்வாளர்கள் அனுப்பிவைக்க, அவற்றைப் பிரித்துப் பிரித்துக் கட்டியது. நிறுவனங்களும் மாறி வருகின்றன. ஸைஸ் தன் சி.இசட்.ஐ.யைப் படிக்கும் லிப்சிஇசட்ஐ நிரல்தொகுப்பை மூலநிரலோடு வெளியிட்டிருக்கிறது. எனவே புதிதாக வருபவர்கள் முதலில் பயோ-ஃபார்மட்ஸில் திறந்து பாருங்கள். ஹெக்ஸ் எடிட்டர் அதற்கப்புறம்தான்.

"இதெல்லாம் சட்டப்படி செய்யலாமா?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். நம் கருவியில் நாமே எடுத்த படம் அது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, ஒரு நிரலை முறையாக வைத்திருப்பவர், வேறொரு நிரலோடு அது சேர்ந்து இயங்கத் தேவையான தகவல் மற்றபடி எளிதில் கிடைக்காதபோது, அதைப் பெறுவதற்குச் செய்ய வேண்டியதைச் செய்வதை மீறலாகக் கொள்வதில்லை. ஆனாலும் மென்பொருளின் உரிம ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது. நான் மென்பொருளைப் பிரிப்பதில்லை, கோப்பை மட்டுமே பிரிக்கிறேன்.

கருவி வாங்கும் குழுவில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். லென்ஸுக்கும் லேசருக்கும் பக்கம் பக்கமாக நிபந்தனை எழுதுகிறீர்கள், ஐந்தாண்டு ஏ.எம்.சி.க்குப் பேரம் பேசுகிறீர்கள். அதே டெண்டரில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: கோப்பு வடிவத்தின் முழு விளக்க ஆவணத்தைக் கருவியோடு தர வேண்டும்; பிக்சல் அளவு, நேரம் போன்ற மெட்டாடேட்டா எதுவும் விடுபடாமல் ஓ.எம்.ஈ.-டிஃப் ஆக ஏற்றுமதி செய்ய முடிவதைக் கருவி நிறுவும் நாளிலேயே செய்து காட்ட வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் கேட்டால் தருவார்கள். கருவி வந்த அன்றே, ஒவ்வொரு லென்ஸிலும் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை ஒரு படம் எடுத்து மூலக் கோப்பாகவே பத்திரப்படுத்துங்கள். அந்தத் தகட்டின் விலை உங்கள் கருவியின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.